சாவோ ஆற்றங்கரையில் ஒரு பாசறை



சரித்திர ஆசிரியர் வராத ஒரு பிற்பகலில் எட்டாம் வகுப்பு மாணவரைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அதிபர் வந்து அமர்ந்தால் வகுப்பு அடங்கியிருக்கும். ஆனால் அடங்கியிருப்பது வேறு, கேட்டுக்கொண்டிருப்பது வேறு. ஆகவே பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கிழக்கு ஆபிரிக்காவிலே புகையிரதப் பாதை அமைக்கச் சென்ற இந்தியத் தொழிலாளரை இரண்டு சிங்கங்கள் ஒன்பது மாத காலம் அலைக்கழித்த கதையைச் சொன்னேன். முதற் சிங்கத்தின் நீளம் ஒன்பது அடி எட்டு அங்குலம் என்றும், அதனைச் சுமக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது என்றும், இருபத்தெட்டு இந்தியத் தொழிலாளர் மாண்டனர் என்றும் சொல்லி முடித்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அந்த இருபத்தெட்டுப் பேருடைய பெயர்கள் என்ன?" என்று கேட்டாள்.

சிங்கத்தின் நீளம் அங்குலக் கணக்கில் என் நினைவில் இருந்தது. மாண்ட மனிதருள் ஒருவர் பெயரைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை வீடு சென்றதும் பழைய நூல்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். இன்றைய பேச்சு அந்தச் சிறுமியின் வினாவிலிருந்து பிறந்தது.

காட்டு விலங்குகளின் நடுவே கூடாரமடித்துத் தங்கும் பயணத்தை இன்று உலகெங்கும் 'சபாரி' என்று சொல்கின்றனர். இது சுவாகிலி மொழிச் சொல். அம்மொழிக்கு அரபு மொழியிலிருந்து வந்தது. நம் நாட்டு முஸ்லிம் மக்கள் பிரயாணத்தைச் 'சபர்' என்று வழங்குவதை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். அதுவும் இதுவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஆகவே சபாரி என்னும் சொல்லுக்கு முதலில் வேட்டை என்றோ உல்லாசம் என்றோ பொருள் இருக்கவில்லை. வழிப்பயணம் என்பதே அதன் பொருள்.

அந்த வழிப்பயணம் எத்தகையது? கிழக்கு ஆபிரிக்காவின் உட்பகுதியில் மாடும் குதிரையும் பொதி சுமத்தல் அரிது. செற்சி என்னும் ஈ கடித்தால் அவை நோயுற்று இறந்துவிடும். ஆதலால் மனிதனே பொதி சுமந்தான். மொம்பாசா, பகமோயோ முதலிய கரையோரப் பட்டினங்களிலிருந்து துணியும் மணியும் கம்பியும் ஏற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான சுமையாளர் வரிசையாக உள்நாடு செல்வர். திரும்புகையில் யானைத்தந்தம் வரும். பல வேளைகளில் சங்கிலியிற் பிணிக்கப்பட்ட அடிமைகளும் வருவர். ஒருவன் தலைச்சுமை ஏறக்குறைய அறுபது இறாத்தல். பொழுது சாயுமுன் முள்மரக் கிளைகளை வெட்டி வட்டமாக வேலியிட்டு, உள்ளே தீ மூட்டி, அதனைச் சுற்றிப் படுப்பர். அந்த முள்வேலியைச் சுவாகிலியிலே 'போமா' என்பர். நடக்க மாட்டாத நோயாளியும் அடிமையும் வழியோரத்திலேயே விடப்பட்டனர். இரவில் அவர்களை நாடி வந்தவை எவையென்று நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மனித உடல் இலகுவாகக் கிடைக்கும் இரை என்பதை அப்பாதையோரத்துச் சிங்கங்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றிருக்கக்கூடும் எனப் பிற்கால ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய நாடாய்வாளரும் வேட்டைக்காரரும் இவ்வகைப் பாசறைகளை மேற்கொள்ளத் தொடங்கினர். அவர்களுள் ஒருவர் நம் நாட்டுடன் நேரடித் தொடர்புடையவர். நுவரெலியாவில் 1848 முதல் 1855 வரை குடியிருந்து, ஆங்கிலேயக் குடியேற்றம் ஒன்றை நிறுவ முயன்று, நம் மலைக்காடுகளில் யானையும் மரையும் வேட்டையாடி நூல்களும் எழுதிய சாமுவேல் பேக்கரே அவர். பின்னர் தம் மனைவி புளோரன்சுடன் நைல் நதியின் தோற்றுவாய் தேடிச் சென்று, 1864ஆம் ஆண்டு அல்பேட் ஏரியைக் கண்டவரும் அவரே. இலங்கைக் காட்டிலே பழகிய துப்பாக்கியும் கூடார வாழ்க்கையும் ஆபிரிக்காவில் அவருக்குக் கைகொடுத்தன எனலாம்.

இனி நாம் சாவோவுக்குச் செல்வோம். சாவோ என்பது இன்றைய கென்யா நாட்டிலுள்ள ஓர் ஆறு. தமிழ்க் காதுக்கு அப்பெயர் ஒரு வினாப் போலவே ஒலிக்கின்றது. அப்பகுதியில் வாழும் கம்பா மக்களின் மொழியில் அதற்குப் படுகொலை என்று பொருள் கூறுவர். பழங்காலத்திலே அங்கு நிகழ்ந்த இனப்போர்களை அப்பெயர் குறிக்கின்றது என்பர்.

பிரித்தானிய அரசாங்கம் 1896ஆம் ஆண்டில் மொம்பாசாவிலிருந்து விக்தோரியா ஏரியை நோக்கி ஒரு புகையிரதப் பாதை அமைக்கத் தொடங்கிற்று. உகண்டாவையும் நைல் நதியின் தலைப்பையும் தன் ஆட்சிக்குள் உறுதியாக வைத்துக்கொள்ளுதல் முதல் நோக்கம். அடிமை வாணிகத்தை ஒழித்தல் வெளியே சொல்லப்பட்ட நோக்கம். இலண்டன் பாராளுமன்றத்தில் இத்திட்டத்தைப் பித்துக்கொள்ளி வேலை என்று எள்ளியவர்களும் இருந்தனர். ஏறக்குறைய 580 மைல் நீளமான அப்பாதைக்கு வேண்டிய தொழிலாளரை எங்கே தேடுவது? இந்தியாவிலே இரும்புப்பாதை போட்டுப் பழகியவர் பலர் இருந்தனர். பெரும்பாலும் பஞ்சாப் மாகாணத்திலிருந்து முஸ்லிம்களும் சீக்கியரும் இந்துக்களுமாக, ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். திட்டம் முடியும் வரையில் இவ்வாறு சென்றவர் தொகை ஏறக்குறைய 32,000.

மொம்பாசாவைக் கடந்தவுடன் தாரு என்னும் நீரற்ற முட்காடு. அதனைக் கடந்தால், கரையிலிருந்து ஏறக்குறைய 132 மைல் தூரத்தில், பசுமையான இரு கரைகளையுடைய சாவோ ஆறு. அதன் குறுக்கே பாலம் கட்டும் பொறுப்பு யோன் ஹென்றி பற்றர்சன் என்னும் முப்பது வயதுப் பொறியியலாளருக்குக் கிடைத்தது. இந்தியாவில் முன்னர் பணியாற்றியவராதலால் இந்துஸ்தானி மொழி அவருக்குப் பழக்கமானது. 1898ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் வந்து சேர்ந்தார். சில நாட்களுக்குள்ளேயே தொழிலாளர் இருவர் காணாமற் போயினர். கூலிப் பணத்துக்காக யாரோ கொன்றிருப்பர் என்றே அவர் முதலில் நினைத்தார்.

அவர் ஐயம் தீர்ந்தது உங்கன்சிங் என்னும் சீக்கிய யமேதாரின் மரணத்தினால். உங்கன்சிங் உடல் வலிமை மிக்கவர். ஐந்தாறு தோழருடன் ஒரே கூடாரத்தில் திறந்த வாயிலருகே உறங்கினார். நள்ளிரவில் சிங்கம் தலையை உள்ளே நீட்டி அவர் தொண்டையைக் கௌவிற்று. அவர் விடச் சொல்லிக் கத்தித் தம் கைகளால் அதன் கழுத்தைச் சுற்றிப் பிடித்தார் என்று அருகிற் கிடந்தவர் மறுநாட் காலையில் நடுங்கிக்கொண்டே கூறினார். அடுத்த கணத்தில் அவரைக் காணவில்லை. அவர் போராடிய ஓசையைக் கேட்டுக்கொண்டு, இருளில் ஒன்றும் செய்ய மாட்டாமல் தோழர் அசையாது கிடந்தனர். பற்றர்சன் தடம் பற்றிச் சென்று, கிடைத்தவற்றைச் சேர்த்து, கற்களை அடுக்கி மூடினார். சிங்கங்கள் ஒன்றல்ல, இரண்டு என்பது அங்கே கண்ட அடிச்சுவடுகளால் தெரிந்தது.

நேயர்களே, இவ்விடத்தில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். அப்பொழுது சாவோவில் இரண்டு மூவாயிரம் தொழிலாளர் இருந்தனர். சிங்கம் இரவுக்கு ஒருவனைக் கொண்டுபோனாலும், இத்தனை பேரில் அது நம்மையா தேர்ந்தெடுக்கப் போகிறது என்று ஒவ்வொருவனும் மனத்தைத் தேற்றிக்கொண்டான். தண்டவாளம் மேலும் மேலும் உள்நாடு நோக்கி நீண்டபோது பெருங்கூட்டம் அதனுடன் சென்றுவிட்டது. பாலம் கட்டச் சில நூறு பேரே எஞ்சினர். அப்பொழுதுதான் உண்மையான அச்சம் பிறந்தது. ஆபத்து கூடவில்லை, அதனைப் பங்கிட்டுக்கொள்ளும் தலைகள் குறைந்துவிட்டன.

அவர்கள் செய்யாத உபாயமில்லை. கூடாரங்களைச் சுற்றி உயர்ந்த முள்வேலி எழுப்பினர். இரவெல்லாம் தீ எரிந்தது. காவலாளி ஒருவன் நீண்ட கயிற்றை இழுத்து, மரத்திற் கட்டிய வெற்றுத் தகரங்களை ஓயாது மோதவிட்டான். சிங்கங்களோ வேலியிற் சிறு இடைவெளி கண்டு நுழைந்தன. இல்லையெனில் தாவிக் கடந்தன. பாசறைகள் ஆற்றுக்கு இருமருங்கும் ஏறக்குறைய எட்டு மைல் தூரம் பரந்து கிடந்தமையால், பற்றர்சன் ஓரிடத்திற் காவலிருந்தால் மற்றோரிடத்தில் ஓலம் கேட்கும். ஓலம் கேட்ட இடத்தில் மறுநாள் அவர் காத்திருந்தால், முதல் நாள் அவர் இருந்த இடத்தில் ஆள் போய்விடும். இது விலங்கன்று, பேய் என்று தொழிலாளர் நம்பத் தொடங்கினர். தங்கள் நிலத்தின் ஊடே இரும்புப்பாதை செல்வதைப் பொறாத இரு பழந்தலைவரின் ஆவிகளே சிங்க உருக்கொண்டு வந்தன என்ற பேச்சுப் பாசறையெங்கும் பரவிற்று.

மருத்துவக் கூடாரமும் தப்பவில்லை. நோயாளருட் சிலரைக் காயப்படுத்தி ஒருவரைச் சிங்கம் இழுத்துச் சென்றது. உடனே மருத்துவமனையை வேறிடத்துக்கு மாற்றி, முன்னதினும் வலிய வேலி கட்டினர். மறுநாள் இரவே புதிய இடத்தில் தண்ணீர் சுமப்பவர் ஒருவர் அகப்பட்டார். காலைப் பற்றி இழுத்தபோது, அவர் கனமான பெட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டார். பெட்டியும் சேர்ந்து இழுபட்டது. பின்னர் கூடாரக் கயிற்றைப் பிடித்தார். கயிறு அறுந்தது. சரித்திர நூல்களிலே பேரரசர்களின் மரணங்களைப் பல தடவை படித்திருக்கின்றேன். அந்தத் தண்ணீர்க்காரர் பிடித்த கயிற்றைப் போல் எதுவும் என் நெஞ்சை உறுத்தியதில்லை.

பற்றர்சன் ஒரு பொறியும் அமைத்தார். மரக்கட்டைகளும் தண்டவாளத் துண்டுகளும் தந்திக்கம்பியும் சங்கிலியும் கொண்டு இரண்டு அறைகள். பின்னறையில் மனிதர் இரையாக இருப்பர். இடையில் இரும்புச் சட்டங்கள். முன்னறையிற் சிங்கம் நுழைந்தால் கதவு விழும். முதற் சில இரவுகள் தாமே உள்ளே இருந்தார். பின்னர் துப்பாக்கி தாங்கிய சிப்பாய்கள் இருத்தப்பட்டனர். ஓரிரவு சிங்கம் உண்மையாகவே நுழைந்தது, கதவும் விழுந்தது. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் அது சீறிப் பாய்ந்த பாய்ச்சலைக் கண்ட சிப்பாய்கள் சிறிது நேரம் சுடவே மறந்தனர். சுடத் தொடங்கியபோது எத்திசையிற் சுடுகிறோம் என்று அறியாமற் சுட்டனர். ஏறக்குறைய இருபது குண்டுகள் பாய்ந்தும் சிங்கத்தைக் கொல்லவில்லை. ஒரு குண்டு கதவுச் சட்டத்தைத் தகர்க்க, அவ்வழியே அது வெளியேறிற்று. அவர்களைக் கோழையர் என்று எள்ளுதல் எளிது. அக்கூண்டினுள் ஓரிரவு இருந்து பார்த்தவர்க்கே எள்ளும் உரிமை உண்டு.

டிசம்பர் முதலாந் தேதி பொறுமை எல்லை கடந்தது. அரசாங்க வேலைக்கென்று ஒப்பந்தம் செய்து வந்தோமேயன்றிச் சிங்கத்துக்கும் பேய்க்கும் உணவாக வரவில்லை என்று தொழிலாளர் பற்றர்சனிடம் அறிவித்தனர். பின்னர் கரையை நோக்கி வந்த வண்டியின் முன்னே நூற்றுக்கணக்கானோர் தண்டவாளத்தில் விழுந்து அதனை நிறுத்தி, மூட்டை முடிச்சுகளை எறிந்து, ஏறிச் சென்றுவிட்டனர். எஞ்சியவர் தண்ணீர்த் தொட்டிகளின் மேலும் பாலத்து இரும்பு விட்டங்களின் மேலும் மரக்கிளைகளிற் கட்டிய கட்டில்களிலும் உறங்கினர். கூடாரத்துக்குள்ளேயே குழி தோண்டி, மேலே கனத்த மரங்களை அடுக்கி, அதனுள் ஒடுங்கியவரும் உண்டு. மூன்று வாரம் பால வேலை நின்றது. அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய பேரரசின் பிரதம மந்திரியாய் இருந்த சோல்ஸ்பரி பிரபு, சிங்கங்களால் வேலை தடைப்பட்டதைப் பிரபுக்கள் சபையிலே எடுத்துரைக்க நேர்ந்தது.

டிசம்பர் 9ஆந் தேதி இரவு முடிவின் தொடக்கம். சிங்கம் பாதி தின்றுவிட்டுப் போன கழுதையின் உடலைக் கம்பியாற் கட்டி, அருகே நான்கு கழிகள் நட்டுப் பற்றர்சன் ஒரு பரண் அமைத்தார். இந்துஸ்தானியிலே பரணுக்கு 'மச்சான்' என்று பெயர். நம் மச்சான்மாரை நம்புவதினும் குறைவான நம்பிக்கையே அந்த மச்சான் மீது வைக்கத்தக்கதாயிருந்தது. வன்னியிலே யானைக்குக் காவலிருக்கும் சேனைப் பரணைக் கண்டவர் அதன் மெலிவை ஊகித்துக்கொள்வர். சிங்கம் கழுதையை நாடவில்லை. பரணையே சுற்றிச் சுற்றி வந்தது; வேட்டைக்காரரே வேட்டைப் பொருளானார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இவ்வாறு சென்றபின், அவர் பிடரியில் ஏதோ வந்து மோதிற்று. உயிர் போயிற்று என்றே எண்ணினாராம். மோதியது ஓர் ஆந்தை. பின்னர் புதரில் அசைந்த உருவத்தை நோக்கிச் சுட்டார். விடிந்தபோது முதற் சிங்கம் இறந்து கிடந்தது. உடன் இருந்தவர் அவரைத் தோளிற் சுமந்து சிங்கத்தின் உடலைச் சுற்றி வந்தனர். இரண்டாவது சிங்கம் பல குண்டுகள் பட்ட பின்னர் டிசம்பர் 29ஆந் தேதி வீழ்ந்தது. ஓடியவர் திரும்பி வந்தனர். 1899ஆம் ஆண்டு பெப்ரவரியிற் பாலம் முடிந்தது. முன்னர் ஒரு முறை ஊதியத் தகராற்றிலே பற்றர்சனைக் கொல்லச் சதி செய்தவரும் இத்தொழிலாளருள் இருந்தனர். ஆயினும் இப்பொழுது எல்லோரும் கூடி அவருக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் பரிசளித்தனர்.

சிங்கங்கள் ஏன் அவ்வாறு செய்தன? இக்கேள்விக்கு இன்று ஓரளவு விடை உண்டு. பற்றர்சன் அவற்றின் தோல்களையும் மண்டையோடுகளையும் 1924ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள சிக்காகோ பீல்ட் அரும்பொருட்சாலைக்கு விற்றார். அங்கே அவை இன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. ஆண் சிங்கங்களாயினும் பிடரி மயிர் இல்லாதவை. முதற் சிங்கத்தின் கோரைப்பல் ஒன்று முறிந்து, வேரிற் சீழ்க்கட்டு ஏற்பட்டிருந்தமை மண்டையோட்டினாற் புலனாயிற்று. எருமையையும் வரிக்குதிரையையும் பிடித்து அடக்குதல் அதற்கு வேதனையாக இருந்திருக்கும். அன்றியும் 1890களில் மாட்டுக் கொள்ளைநோய் கிழக்கு ஆபிரிக்காவின் கால்நடையையும் காட்டெருமையையும் பெருமளவில் அழித்திருந்தது. இரை குறைந்த காட்டிலே, பல் நொந்த விலங்கின் முன்னே, திறந்த கூடாரங்களில் ஆயிரம் ஆயிரமாக மனிதரைக் கொண்டுபோய்க் கிடத்தியது யார் என்பதையும் நாம் சேர்த்தே கேட்க வேண்டும்.

இறந்தவர் தொகைக்கு வருவோம். பற்றர்சன் 1907ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இந்தியத் தொழிலாளர் இருபத்தெண்மர் என்றார். அவர்களன்றி ஆபிரிக்க மக்கள் பலரும் மாண்டனர், அவர்களுக்கு அரசாங்கக் குறிப்பு எதுவும் இல்லை என்றும் எழுதினார். பிற்காலத்தில் அவரே தொகையை 135 என உயர்த்தினார். 2009ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் சிங்கங்களின் எலும்பையும் மயிரையும் இரசாயன முறையில் ஆராய்ந்து, அவை தின்றவர் ஏறக்குறைய 35 பேர் இருக்கலாம் என்றும், மிகக் கூடினால் 72 ஆகலாம் என்றும் கணித்தனர். கொன்றவர் எல்லோரையும் அவை தின்னவில்லையாதலால், கொல்லப்பட்டோர் தொகை இதனினும் வேறுபடலாம்.

இருபத்தெட்டு என்ற எண் எவ்வாறு நமக்குக் கிடைத்தது? ஒப்பந்தம் இருந்தமையாற் கிடைத்தது. இந்தியத் தொழிலாளனுக்குச் சம்பளப் பதிவேடு உண்டு. அவன் இறந்தால் ஒரு வரியை அடிக்க வேண்டும். அந்த மண்ணிலேயே பிறந்த ஆபிரிக்கனுக்குப் பதிவேடு இல்லை. அடிக்க வரியும் இல்லை. 1900ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கீமா என்னும் நிலையத்தில், சிங்கத்தைச் சுடக் காத்திருந்து கண்ணயர்ந்த றையல் என்னும் பொலிஸ் அதிகாரியைப் புகையிரதப் பெட்டிக்குள்ளேயே புகுந்து ஒரு சிங்கம் கொன்றது. அவருக்கு நைரோபியிலே பெயர் பொறித்த கல்லறை இருக்கின்றது. ஒரே வகை மரணம். ஆனால் ஒருவருக்குக் கல், ஒருவருக்கு எண், ஒருவருக்கு ஒன்றுமில்லை.

வேறொரு கணக்கும் உண்டு. புகையிரதப் பாதை 1901ஆம் ஆண்டு டிசம்பரில் விக்தோரியா ஏரியை அடைந்தது. அதற்குள் உயிரிழந்த இந்தியத் தொழிலாளர் ஏறக்குறைய 2,500 பேர். அவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றவை மலேரியாவும் வயிற்றோட்டமும் புண்ணும் விபத்துமே. சிங்கத்துக்கு இரையானோர் அவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவினரே. ஆயினும் சிங்கத்தைப் பற்றி நூல்களும் திரைப்படங்களும் வந்தன; மலேரியாவைப் பற்றி ஒரு திரைப்படத்தையும் நான் அறியேன். ஒப்பந்தம் முடிந்தபின் ஏறக்குறைய 6,700 பேர் அங்கேயே தங்கினர். கிழக்கு ஆபிரிக்க இந்தியச் சமுதாயத்தின் அடித்தளங்களுள் அவர்களும் ஒருவராயினர்.

அதே புகையிரதம் வேறொரு வகைப் பாசறைக்கும் வழி திறந்தது. 1909ஆம் ஆண்டில் அமெரிக்க முன்னாட் சனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற் தம் மகனுடன் மொம்பாசாவில் இறங்கி, இயந்திரத்தின் முன்புறத்து ஆசனத்தில் அமர்ந்து விலங்குகளைப் பார்த்துக்கொண்டே உள்நாடு சென்றார். இருநூற்றைம்பது பேரளவிற் சுமையாளர் உடன் சென்றனர். கூடாரத்துள் குளிக்கும் தொட்டியும் இருந்தது. தோலட்டை கட்டிய ஒரு சிறு நூல்நிலையமும் சென்றது. தந்தையும் மகனும் சுட்ட விலங்குகள் 512. அவற்றுட் பல அரும்பொருட்சாலைகளுக்கெனச் சேகரிக்கப்பட்டன என்பதையும் நீதியின் பொருட்டுச் சொல்ல வேண்டும். அதன்பின் செல்வரின் சபாரி ஒரு நாகரிகமாயிற்று. பாரம் சுமந்த தலைகள் மட்டும் மாறவில்லை.

காலப்போக்கில் துப்பாக்கியின் இடத்தைப் புகைப்படக் கருவி பெற்றது. 1946இல் நைரோபியிலும் 1948இல் சாவோவிலும் 1951இல் செரெங்கெற்றியிலும் தேசிய வனங்கள் அமைந்தன. கென்யா 1977ஆம் ஆண்டில் வேட்டையைத் தடை செய்தது. இன்று சாவோவிற் கூடாரமடிப்பவர் கூடார வாயிலை இரவில் மூடிக்கொள்ளல் வேண்டும். உணவை உள்ளே வைத்தல் ஆகாது. இருளிலே தனியே வெளிச்செல்லல் ஆகாது. எளிய விதிகள்தாம். ஆனால் உங்கன்சிங்கின் கூடார வாயில் திறந்திருந்தது என்பதை நினைத்தால், விதி எங்கே பிறந்தது என்பது புலப்படும். விலங்குகளுக்குக் காப்பிடம் கிடைத்ததில் மகிழ்ச்சியே. ஆனால் 1959ஆம் ஆண்டிற் செரெங்கெற்றியிலிருந்து, தலைமுறை தலைமுறையாகச் சிங்கத்துடன் ஒரே நிலத்தில் வாழ்ந்த மசாய் இடையர் வெளியேற்றப்பட்டனர் என்பதையும் சரித்திரம் மறத்தலாகாது. விருந்தாளியின் கூடாரத்துக்கு இடமிருந்தது. வீட்டுக்காரனின் குடிலுக்கு இடமிருக்கவில்லை.

2017ஆம் ஆண்டில் மொம்பாசாவிலிருந்து நைரோபிக்குப் புதிய புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. அதுவும் சாவோ வனத்தின் ஊடே செல்கின்றது. இம்முறை பாதையின் கீழே யானைகள் கடந்து செல்ல வழிகள் விட்டிருக்கின்றனர். நூற்றிருபது ஆண்டுகளில் மனிதன் சற்றுக் கற்றிருக்கின்றான்.

அந்த மாணவியின் வினாவுக்கு மீள்கின்றேன். 2024ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் அவ்விரு சிங்கங்களின் பழுதுற்ற பற்குழிகளிலே சிக்கிக்கிடந்த நுண்ணிய மயிர்த்துண்டுகளை எடுத்து ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டனர். ஒட்டைச்சிவிங்கி, வரிக்குதிரை, பலவகை மான் ஆகியவற்றின் மயிரோடு மனித மயிரும் அவற்றில் இருந்தது. அம்மனித மயிர் எவ்வழித் தோன்றலுடையது என்ற விவரத்தை அவர்கள் வெளியிடவில்லை. இறந்தவரின் வழித்தோன்றல்கள் அப்பகுதியில் இன்னும் வாழக்கூடும், அவர்களைக் கலந்தே அடுத்த அடி எடுத்து வைத்தல் முறை என்பது அவர்கள் நிலைப்பாடு. 1898இல் எண்ணப்படாத ஒருவருக்கு, 126 ஆண்டுகளின் பின்னர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றிலே அந்த அளவு மரியாதையாவது கிடைத்தது.

மறுவாரம் அவ்வகுப்புக்குச் சென்று, "மகளே, உங்கன்சிங் என்ற ஒரு பெயரைச் சொல்ல முடிகிறது; மற்றவர் பெயர்களை என்னாற் சொல்ல முடியவில்லை" என்று அந்தப் பிள்ளையிடம் ஒப்புக்கொண்டேன். அவள் தன் கொப்பியைத் திறந்து, சிங்கத்தின் நீளத்தை எழுதியிருந்த வரியின் கீழே அப்பெயரை எழுதி, அதன் கீழ் இருபத்தேழு வெற்று வரிகளை எண்ணி விட்டாள். ஆபிரிக்கருக்கு எத்தனை வரி விடுவது என்று கேட்டாள். பக்கம் முடியும் மட்டும் விடு என்றேன்.